ஒப்பீட்டு மண்

நுண்ணுயிர் வளர்க்கும் கண்ணாடித் தட்டைத் திறந்து பார்த்ததும் ஒச்சம்மாளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. வளர வேண்டிய தட்டிலும் வளர்ந்திருந்தது, வளரவே கூடாத தட்டிலும் வளர்ந்திருந்தது. அதில் வெறும் உப்புக்கூழ்தான். சர்க்கரை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மூடிக்குள் ஒட்டிய காகிதத்தில் நாலு சொட்டு டீசல், அதன் ஆவிதான் சாப்பாடு. டீசலின் நீளச் சங்கிலியில் ஆக்சிஜனைச் செருகி உடைக்கிற நொதி எந்த நுண்ணுயிரிடம் இருக்கிறதோ அது பிழைக்கும். மற்றதெல்லாம் பட்டினி கிடந்து சாகும். அந்த நொதியைப் பிடிப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி.

மண்ணுக்கு அவள் எங்கும் அலையவில்லை. செக்கானூரணிக்கு மேற்கே அவள் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றிலேயே போன மாதம் டீசல் மிதந்தது. வீடே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், ஆராய்ச்சிக்காரி புத்தி! பம்புசெட் அறையில் டீசல் பேரலுக்கு அடியில் கொஞ்சம், கிணற்று ஓரத்தில் கொஞ்சம். ஒப்பிட்டுப் பார்க்க டீசல் படாத மண்ணும் வேண்டுமே என்று, இரண்டுக்கும் நடுவில் முருங்கை மரத்தடியில் ஒரு முழம் தோண்டி எடுத்தாள். தூரத்து வரப்பிலும் ஒரு முழம் தோண்டி எடுத்தாள். இப்போது வரப்பு மண் தட்டு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. முருங்கை மரத்து மண் தட்டிலோ கடுகைக் கொட்டியதுபோல் புள்ளிகள்.

கை சுத்தமில்லை போல என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் அதே கடுகு. பக்கத்து மேசையில் சிவனாண்டி எட்டிப் பார்த்தான். டிஎன்ஏவில் மெத்தில் என்ற வேண்டாத வேதித் துணுக்கு ஒட்டிக்கொண்டு கெடுப்பதைப் பாக்டீரியா தானே எப்படிப் பிய்த்தெடுத்துச் சரிசெய்கிறது என்று மூன்று வருடமாக மாரடிக்கிறவன் அவன்.

"கை மேல பழி போடாதீங்க. ஒரு முழத்துக்குக் கீழ இம்புட்டு இருக்குன்னா, வருஷக்கணக்கா டீசல் ஊறுன மண்ணு. எந்த லாரி ஷெட்டுல எடுத்தீங்க?"

"எங்க தோட்டத்துல."

அவன் சிரித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினான். ஒச்சம்மாள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். பேரல் அடியில் ஒழுகியிருக்கிறது. இன்று நேற்றல்ல, வருடக்கணக்காக. மண்ணுக்குள்ளேயே மெல்ல நகர்ந்து, முருங்கை மரத்தைத் தாண்டி, கிணற்றுக்கு வந்திருக்கிறது. அப்படியென்றால் யாருமே ஊற்றவில்லை. அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

மொக்கைச்சாமி அவர்கள் தோட்டத்தில் இருபது வருடம் பாடுபட்டவர். பங்குனியில், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனார். பத்தே நாளில் கிணற்றில் டீசல். "வஞ்சம் வச்சு ஊத்திட்டான்" என்று அவள் அண்ணன் உக்கிரபாண்டி ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் ஊரைக் கூட்டினான். ஊர்க்காரர்கள் அரை மனதாகத்தான் இருந்தார்கள். பெரியவர் ஒருவர், லீவில் வந்திருந்த இவளைக் கூப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "நீ படிச்ச புள்ள, சொல்லுத்தா. டீசல் தானா கெணத்துக்குள்ள வருமா?"

மந்தையில் ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் ஊர் கேள்வி கேட்கிறது! அந்தப் பெருமையில் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தானா எப்பிடி வரும்? யாராச்சும் ஊத்துனாத்தான்."

அவ்வளவுதான், முடிந்தது. நான் ஊத்தலை, நான் ஊத்தலை என்று மொக்கைச்சாமி மூன்று தடவை சொன்னார். பிறகு மந்தைத் தீர்ப்புப்படி பெண்டாட்டி பார்க்க, ஊர் பார்க்க, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். நெற்றியில் ஒட்டிய புழுதியை அவர் துடைக்கவில்லை. இவளோ அப்போது மண் எடுக்கப் பாட்டில் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்ததும் ஆய்வுக்கூடத்தில் அத்தனை பேர் நடுவில் அவளுக்கு முகம் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள் நேரே பம்புசெட்டுக்கு நடந்தாள். அண்ணனே பேரலைச் சாய்த்துக் காட்டினான். துருவேறிய அடித்தகடு அப்பளம்போல் பொரிந்து உதிர்ந்தது.

"போன வாரமே பாத்துட்டேன்" என்றான்.

"பாத்துட்டுச் சும்மாவா இருக்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற? விழுந்தவன் விழுந்தாச்சு. விழுந்தது செல்லாதுடான்னு போய்ச் சொல்லவா? நீதானத்தா சொன்ன, ஊத்தாம வராதுன்னு."

அவன் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மொக்கைச்சாமியின் தெருவுக்குள் அவள் அதுவரை கால் வைத்ததில்லை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முருகம்மாள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. உள்ளேயிருந்து மொக்கைச்சாமி வந்தார். சிறு வயதிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்ட வாய்க்கு இப்போது அந்தப் பேர் வரவில்லை.

"அண்ணே" என்றாள்.

பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள். பேரல், முருங்கை மரத்தடி மண், டீசலைத் தின்னும் நுண்ணுயிர், மூன்று தடவை செய்த சோதனை, எல்லாவற்றையும். கடைசியில், "நீங்க ஊத்தலைண்ணே" என்று முடித்தாள், ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவள்போல.

"அது எனக்குத் தெரியும்ல தாயி" என்றார் மொக்கைச்சாமி.

முருகம்மாள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணுக்குத் தெரியாத பூச்சி சொன்னா நம்புறீக. இந்த மனுசன் மூணு தடவ தொண்ட கிழிய சொன்னாரே, அது யாரு காதுலயும் விழுகலயா?"

ஒச்சம்மாளுக்குக் கண் கலங்கியது. அதுவும் அவமானமாக இருந்தது, அழவேண்டியவள் அவளில்லையே. "தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்கண்ணே" என்றாள்.

"இங்க சொல்லாதீக. எனக்கும் இவளுக்கும் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்ன ஆகப்போகுது? மந்தையில சொல்லுங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

மொக்கைச்சாமி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். முருகம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

மந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் இருந்தார். உக்கிரபாண்டியும் இருந்தான், தங்கை யாரோடு வருகிறாள் என்று பார்த்ததும் மெதுவாக எழுந்து நின்றான். மந்தை எல்லைக்கு வந்ததும், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள மொக்கைச்சாமியின் கை தன்னால் மேலே போனது. போன கை பாதியில் நின்றது. துண்டைத் தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர் ஓரமாக ஒதுங்கி ஒச்சம்மாளுக்கு வழி விட்டார்.