பாதமில்லாத பூகோளம்

சர்வதேச வித்தியாசாலைக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரே காரணம் பரசுராமன். அவன் அப்பா ரங்கூனில் பட்டுக் கடை வைத்திருந்தார். பையன் அங்கே பிறந்து, கப்பலேறி வந்து, சின்ன காஞ்சிபுரத்தில் நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தான். கடல் தாண்டி ஒரு பையன் வந்தால் போதாதா? கமிட்டி வாசலில் புதுப் பலகை மாட்டிவிட்டது. அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் செக்ரெட்டரி பாஷ்யம் ஐயங்கார் மிளகுக் கஷாயத்தோடு ஓடுவார். பையன் ரங்கூனுக்குத் திரும்பிவிட்டால் பலகையை இறக்க வேண்டி வருமே.

பலகை மாட்டிய பிறகு சாதனைகள் வேண்டும் அல்லவா? சனிக்கிழமை மாலைதோறும் கூடத்தில் ‘இந்த வாரச் சாதனைகள்’ வாசிக்கப்படும். எழுதுவதும் வாசிப்பதும் பூகோள வாத்தியார் ஆதிகேசவன் தலையில் விழுந்த வேலை. கிணற்றில் வாளி விழுந்ததை ஒரு சாதனையாகவும், அதை எடுத்ததை இன்னொரு சாதனையாகவும் அவர் எழுதிச் சமாளித்த வாரங்கள் உண்டு.

ஆதிகேசவன் ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இந்தச் சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். பூகோளப் பாடம் திருப்தி என்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். கமிட்டி வாக்குக் கொடுத்திருந்தது. இத்தனை காலமும் உலகம் உருண்டை என்பதைப் பாவம் அந்த மனுஷர் ஒரு பூசணிக்காயை வைத்துத்தான் நடத்தி வந்தார். பாடம் முடிந்ததும் பூசணிக்காய் சாம்பாருக்குப் போய்விடும். அதனால் கண்டங்கள் எதுவும் பையன்கள் மனசில் தங்கவில்லை.

திங்கட்கிழமை பட்டணத்திலிருந்து ரயிலில் பூகோள உருண்டை வந்து இறங்கியது. பியூன் பஞ்சாட்சரம் அதை ஜட்கா வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரக் குடும்பம், நெற்றி நிறையத் திருநீறு. ஆதிகேசவன் உருண்டையை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

வேடிக்கை பார்க்கக் கமிட்டியே திரண்டு வந்தது. அந்தக் கமிட்டியில் சரிபாதி வடகலை, சரிபாதி தென்கலை. வடகலைக்குச் செக்ரெட்டரி பாஷ்யம் ஐயங்கார், தென்கலைக்குப் பிரசிடெண்ட் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார். இரண்டு பேரும் பெருமாளை விட்டாலும் விடுவார்கள், வழக்கை விடமாட்டார்கள். வடகலை நாமம் அடியில் வளைந்து அதோடு நின்றுவிடும். தென்கலை நாமத்துக்குக் கீழே மூக்கின் மேல் இறங்கும் பாதம் உண்டு. அந்தப் பாதத்துக்காகக் கோர்ட்டுப் படிகள் தேய்ந்துபோயிருந்தன.

உருண்டையை இரண்டு பக்கமும் வளைந்து ஏந்தியிருந்த வெள்ளைத் தாங்கியைப் பாஷ்யம் ஐயங்கார் உற்றுப் பார்த்தார்.

“கீழே இறங்கறதே, அது என்னங்காணும்?”

“அது பாதம் சார். அது மேலதான் நிக்குது” என்றார் ஆதிகேசவன்.

கட்டை என்று சொல்லியிருக்கலாம், முட்டு என்று சொல்லியிருக்கலாம். மனுஷருக்கு நாக்கில் சனி.

“பாதமா!” என்றார் பாஷ்யம் ஐயங்கார். “பூமிக்கே தென்கலை சாத்திக் கொண்டுவந்திருக்காளா?”

“லோகமே அதுமேலதான் நிக்கறதுன்னு வாத்தியாரே சொல்லிட்டார்” என்றார் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார், வாயெல்லாம் பல்லாக.

அவ்வளவுதான். செவ்வாயும் புதனும் கமிட்டி கூடிக் கூடிக் கலைந்தது. பாதம் இருந்தால் வடகலையார் ராஜினாமா. பாதம் போனால் தென்கலையார் செங்கற்பட்டுக் கோர்ட்டில் பிராது. உருண்டை பூட்டிய அறைக்குள் கிடந்தது. ஆதிகேசவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பசங்களுக்கு ஒருவாட்டி காட்டிட்டுக் குடுத்துடறேன் சார்” என்று கெஞ்சினார். உலகம் தாவாவில் இருக்கும்போது தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் பாதத்தைக் காணோம். யாரோ ரம்பத்தால் சுத்தமாக அறுத்திருந்தார்கள். யார் என்று ஊருக்கெல்லாம் தெரியும். கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நிற்க வழியில்லாத உருண்டை அறை முழுக்க உருண்டுகொண்டிருந்தது. பஞ்சாட்சரம் எங்கிருந்தோ ஒரு வைக்கோல் பிரிமணையைக் கொண்டுவந்து, குடத்தை வைப்பதுபோல் பூமியை அதன்மேல் உட்காரவைத்தான்.

இதற்குள் இரு கட்சியும் வாசலில் கைகலப்புக்குத் தயாராகிவிட்டன. பஞ்சாட்சரம் நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னான்.

“அதுக்கு ஏன் சாமி சண்டை போட்டுக்கினு இருக்கீங்க? நல்லாப் பாருங்க. எங்க சிவனாட்டம் குறுக்கால மூணு பட்டை போட்டுக்கினு கம்முனு இருக்குது.”

எல்லாரும் பார்த்தார்கள். நடுவில் பூமத்திய ரேகை, மேலே கடக ரேகை, கீழே மகர ரேகை. அச்சு அசலாகத் திருநீற்றுப் பட்டை!

கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் பாஷ்யம் ஐயங்காரைப் பார்த்தார். பாஷ்யம் ஐயங்கார் கிருஷ்ணஸ்வாமி ஐயங்காரைப் பார்த்தார். கமிட்டி ஏற்பட்ட நாள் முதல் அவர்கள் நேருக்கு நேர் முகம் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அழிச்சுடணும்” என்றார் ஒருவர்.

“இன்னிக்கே” என்றார் மற்றவர்.

“சார், அது வெறும் கணக்குக் கோடு சார்! அது இல்லாம எப்படிப் பாடம் நடத்துவேன்?” என்று ஆதிகேசவன் குறுக்கே விழுந்தார். அது யார் காதிலும் விழவில்லை. பட்டுக்குச் சாயம் போடுகிறவரிடமிருந்து நீலம் வந்தது. தடித்த தூரிகையால் மூன்று கோடுகளையும் பூசித் தீர்த்தார்கள். ஆப்பிரிக்கா நாலு துண்டாகி நடுநடுவே கடல் புகுந்தது. கல்கத்தா முழுகிப்போயிற்று. காஞ்சிபுரத்துக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

சனிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். பிரிமணைமேல் வீற்றிருந்த பூமியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சர்வதேச மாணவனான பரசுராமனையே கூப்பிட்டார்.

“பூமத்திய ரேகையைக் காட்டு.”

பையன் உருண்டையை ஒரு சுற்றுச் சுற்றினான். ஆதிகேசவனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

“முந்தாநாள் அழிச்சிட்டாங்க சார்.”

“யார்?”

“கமிட்டி சார்.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். பூகோளப் பாடம் திருப்தியில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மாலையில் கூடம் நிரம்பியது. ஆதிகேசவன் காகிதத்தை எடுத்து வாசித்தார்.

“இந்த வாரச் சாதனைகள். ஒன்று, நமது வித்தியாசாலைக்கு உலகம் வந்து சேர்ந்தது. இரண்டு, இன்ஸ்பெக்டர் துரை விஜயம் செய்தார். மூன்று, நமது கமிட்டி சரித்திரத்தில் முதன்முறையாக இரு கட்சியாரும் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அதாவது, கலகத்துக்குக் காரணமான உருண்டை பரணில் ஏற்றப்படும். பூசணிக்காயே போதும். பூகோள வாத்தியார் ஆதிகேசவன் தற்காலிகமாகவே நீடிப்பார்.”

ஒரு சொல் தடுக்காமல் வாசித்தார். கூடம் அதிரக் கை தட்டினார்கள். சாதனை வாசித்தால் வாசித்தவரும் தட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வழக்கம், அவரும் தட்டினார். உள்ளுக்குள் அவமானம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை காலை காய்கறிக் கடைக்காரி வள்ளி முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். மஞ்சள் பூசணியைத் தூக்கினார். காம்பிலிருந்து அடிவரைக்கும் நெடுக நாமம் நாமமாகக் கோடு. கீழே வைத்தார். வெள்ளைப் பூசணியைத் தூக்கினார். உடம்பெல்லாம் திருநீறு பூசினாற்போல் சாம்பல். அதையும் வைத்தார்.

“இன்னா சார், குழம்புக்கா, கூட்டுக்கா?” என்றாள் வள்ளி.

“பாடத்துக்கும்மா. காம்பு இருக்கக் கூடாது, கோடு இருக்கக் கூடாது, சாம்பலும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு உருண்டை இருந்தா குடு.”

வள்ளி கூடையையெல்லாம் ஒருதரம் துழாவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அது மாதிரி இந்த உலகத்துலயே கிடையாதுபா.”