இடப்பக்கம் பார்க்கிறவர்

சோதனை வண்டியில் ஏறியதும் அவள் இருக்கையை இரண்டு அங்குலம் முன்னே இழுத்தாள். எழுபத்து மூன்று வயதில் பரீட்சை. காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. இன்று தேறினால் இன்னும் மூன்று வருடம் உரிமம். தேறாவிட்டால் கார் சாவி மகன் கைக்குப் போகும், வாக்குக் கொடுத்திருந்தாள். முப்பத்தொரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள்.

அவள் கணவர் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். கூடவே வருவேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பின்னாடி உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது," என்றார் சோதனை அதிகாரி.

"கல்யாணமான நாள்லேர்ந்து அதே பழக்கம்தான் சார்," என்றார் கணவர்.

ஆறு வருடமாக அவள் கழுத்து இடப்பக்கம் பாதிதான் திரும்பும். தேய்மானம். மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து கணவர் இடப்பக்கம் பார்ப்பார். "காலி" என்பார். அவள் வண்டியை எடுப்பாள். இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததல்ல, எப்படியோ படிந்துபோனது.

சோதனையில் வண்டியைப் பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள், இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே முயற்சியில் நிறுத்தினாள். வண்டி சொன்னபடி கேட்டது. அதிகாரியின் புருவம் உயர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தபோது, ஸ்டியரிங்கில் தாளம் போடத் துடித்த விரலை அடக்கிக்கொண்டாள்.

முச்சந்தியில் நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள். காத்திருந்தாள்.

"காலி," என்றது பின்னிருக்கை.

எடுத்தாள். அதிகாரியின் கால் தன் பக்கமிருந்த இரண்டாவது பிரேக்கில் விழுந்தது. இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள் பம்பரை உரசாத குறையாகப் போயிற்று. அதை மிதித்த பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு உங்க தலைதான் தெரிஞ்சுது சார்," என்றார் கணவர். முகம் வெளுத்திருந்தது. "வண்டி நின்னா சொல்லிப் பழக்கம். வாய் தானா சொல்லிடுச்சு."

"அவர் சொன்னா நீங்க எடுத்துடுவீங்களா?"

"ஆறு வருஷமா அப்படித்தான் சார். கழுத்து இந்தப் பக்கம் முழுசாத் திரும்பாது." பொய் சொல்ல வரவில்லை.

அதிகாரி தாளைப் பார்த்தார். இன்னும் எழுதவில்லை. "அவர் எறங்கட்டும். நீங்க ஒரு சுத்து சுத்தி இதே எடத்துக்கு வாங்க. கழுத்த விடுங்க. இடுப்புலேர்ந்து திரும்புங்க, தோள் சீட்ட விட்டு வரணும். பாத்துட்டு எழுதறேன்."

கணவர் இறங்கினார். "டிரைவரம்மா, பாத்து."

"நீங்க பாத்தவரைக்கும் போதும்."

சுற்றி வந்து நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்து இடுப்பைத் திருப்பினாள். விலாவில் சுளீரென்றது. விடவில்லை. தோள் இருக்கையை விட்டு எழுந்தது.

தெரு திறந்தது. ஒரு ஏணி. பாதி மஞ்சள் பூசிய கதவு. தூரத்தில் மெதுவாக வரும் ரொட்டி வண்டி. ஆறு வருடமாக அவளுக்கு இடப்பக்கம் என்றால் ஒரு சொல் மட்டும்தான். அதற்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டி வண்டி கடந்து போகும்வரை நின்றாள். மறுபடியும் திரும்பிப் பார்த்தாள், எந்த வண்டியும் இல்லை.

மூலையில் நடைபாதை விளிம்பில் கணவர் நின்றிருந்தார். கழுத்தை நீட்டித் தெருக்கோடி வரை பார்த்தார். ஒரு கையால் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தார்.

அவள் கியரைப் போட்டாள்.