செத்துப்போன லிபோரியோ ஊருக்கு வந்தது

டிராப்பனி நகரத்திலிருந்து வரும் பேருந்து கடைசி வளைவை நெருங்கியதும் லிபோரியோ கண்ணை மூடிக்கொண்டார். வளைவு முடிந்ததும் அவர் பிறந்த ஊரான காலாபியாங்கா தெரியும். ஆனால் ஊர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிடும். ஆலையில் சூரை மீனை வேகவைக்கும் அந்த வாடையில்தான் அவர் இருபத்தொரு வயதுவரை தூங்கி எழுந்தார். தலையணையிலும் ரொட்டியிலும் சட்டையிலும் அதுதான் இருக்கும். பேருந்து வளைந்தது. சுற்றுலாவுக்கு வந்த யாரோ தோளில் பூசியிருந்த வெயில் தைலத்தின் மணம்தான் வந்தது.

நாற்பத்திரண்டு வருஷமாக அவர் பெல்ஜியத்தில், லியேஜ் நகரத்தில் இருந்தார். முதலில் நிலக்கரிச் சுரங்கம், பிறகு கண்ணாடித் தொழிற்சாலை. மனைவி ஒதெத் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். மகள் அதே நகரத்தில் வேறு வீட்டில் இருக்கிறாள். ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வரலாமே என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்பார் இவர். அது பாதி உண்மை. பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். வளர்த்த சித்தப்பா சாரோவும் இவர் கிளம்புவதற்கு முன்பே கடலோடு போய்விட்டார். மீதிப் பாதிக்கு நின்ஃபா என்று பெயர். அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினார். ஒரு வருஷம் கழித்து, இங்கே ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டேன், எனக்காகக் காத்திருக்காதே என்று எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. தப்பித்தோம் என்று அன்றைக்கு நினைத்தார். அப்புறம் வந்த வருஷங்களில் அப்படி நினைக்க முடியவில்லை.

ஆகஸ்டில் மாதா திருவிழா நாளாகப் பார்த்து வந்தது அதனால்தான். கூட்டத்தில் ஒரு கிழவனை யார் கவனிக்கப் போகிறார்கள்?

சதுக்கத்தில் வலைகள் காய்ந்த இடமெல்லாம் இப்போது மேசைகளும் வெள்ளைக் குடைகளும். எந்தக் குடை இருக்கும் இடத்தில் சித்தப்பாவின் வலை விரிந்து கிடக்கும் என்று அவரால் இன்னும் சொல்ல முடிந்தது. அந்தக் குடையின் கீழேயே போய் உட்கார்ந்தார். பணியாள் வந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். இவர் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னார். அவன் வடக்கே எங்கிருந்தோ வந்தவன் போலிருக்கிறது. ஒன்றும் விளங்காமல் விழித்தான். விரலால் காட்டி ஒரு காபி வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

துறைமுகத்து ஓரத்துச் சிறு மாதா கோயில் அப்படியே இருந்தது. அதன் உட்சுவரில் பளிங்குப் பலகை ஒன்று மட்டும் புதிது. வீடு திரும்பாதவர்கள் என்று மேலே எழுதியிருந்தது. சித்தப்பாவின் பெயர் இருந்தது. தொட்டுக் கும்பிட்டார். அதற்குக் கீழே, மூன்றாவதாக, ‘லிபோரியோ அத்ராஞ்ஞா, பெல்ஜியத்துச் சுரங்கத்தில், 1958’ என்று இருந்தது.

வேறு யாராவது ஒரு லிபோரியோவாக இருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி வேறொருவன் இந்த ஊரில் இல்லை.

வெளியே வந்தபோது வாசல் பெஞ்சில் ஒரு கிழவர் மடியில் கூடையை வைத்துக்கொண்டு பூவைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆனாலும் அந்தத் தோள்களைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. சித்தப்பாவின் படகில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து துடுப்புப் போட்ட காஸ்பரே.

“உள்ள யாரையும் தேடுறீங்களா ஐயா?” என்று கேட்டார் காஸ்பரே.

“கல்லுல ஒரு பேரு பாத்தேன். லிபோரியோன்னு. அது யாரு?”

“நம்ம பய. எங்க படகுல இருந்தவன். சுரங்கம் இடிஞ்சு போயிட்டான் பாவம். கடல்ல சாகலையே, பேரு எதுக்குன்னு கேட்டாங்க. நான்தான் சண்டை போட்டுச் சேத்தேன். ஆமா, உங்க குரலு அவன் சாயல்ல இருக்கே. சொந்தமா?”

“ஒண்ணுவிட்ட அண்ணன்,” என்று லிபோரியோவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காஸ்பரேவுக்கு அது போதும். பிடித்து உட்கார வைத்துவிட்டார். லிபோரியோ எப்பேர்ப்பட்டவன் தெரியுமா என்று ஆரம்பித்தார். ஒருமுறை புயலில் வலை பாறையில் மாட்டிக்கொண்டபோது கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்து அறுத்துவிட்டவன் அவன்தானாம். உண்மையில் குதித்தது காஸ்பரே. லிபோரியோ அன்றைக்குப் படகின் அடியில் படுத்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இத்தனை வருஷமும் தன் சாமர்த்தியத்தைத் தூக்கி இவர் பெயருக்குக் கொடுத்து வைத்திருக்கிறார் மனுஷர். லிபோரியோவும் கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்துக் காம்பு கிள்ளத் தொடங்கினார்.

நின்ஃபாவைப் பற்றியும் அவரே சொன்னார். இரண்டு வருஷம் கறுப்பு உடுத்தினாளாம். சுங்கக் காவலர் ஒருவர் அவள் துக்கத்தைப் பார்த்து இரங்கி, இரக்கம் காதலாகி, கட்டிக்கொண்டாராம். மூன்று பிள்ளைகள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நீலக் கதவு வீட்டில் அறைகளை வாடகைக்கு விடுகிறாள். அவன் அண்ணன் என்று சொன்னால் சந்தோஷப்படுவாள், போய்ப் பாருங்கள் என்றார்.

நின்ஃபா மொட்டை மாடியில் பலகைகளின்மேல் தக்காளி விழுதை வெயிலில் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சிவப்பு. பக்கத்து மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லிபோரியோ தொப்பியைக் கழற்றி, தான் பெல்ஜியத்திலிருந்து வந்திருக்கும் லிபோரியோவின் ஒன்றுவிட்ட அண்ணன் என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி பலகையிலேயே நின்றது.

“பெல்ஜியமா? அதான் இப்படி வெளுத்துப்போய் இருக்கீங்க,” என்றாள் பக்கத்து மாடிக்கும் கேட்கும்படி. “நிழல்ல உக்காருங்க.”

அந்தப் பெண் காலிக் கூடையோடு கீழே இறங்கிப் போனாள். பிறகு நின்ஃபா, “மூக்கு மட்டும் மாறவே இல்ல,” என்றாள்.

“நான் சாகலையே நின்ஃபா.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதோட இருக்கட்டும்.”

விழுதைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு அவர் எழுதியதைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அப்போது அவள் அப்பா உள்ளே வந்திருக்கிறார்.

“என் மூஞ்சியப் பாத்துட்டு, ‘சுரங்கமா?’ன்னு கேட்டாரு. நான் தலையாட்டினேன். நான் பண்ணினது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஊரு பண்ணுச்சு. வேற ஒருத்தியோட போயிட்டான்னு சொல்லியிருந்தா தெருவுல தலைகாட்ட முடியுமா? செத்துட்டான்னதும் ஆளாளுக்கு ரொட்டி கொண்டுவந்து குடுத்தாங்க.”

“அழுதியா?”

“நெசமாவே அழுதேன். நீ செத்ததுக்கா, சாகாததுக்கான்னு மட்டும் கேக்காத.”

தப்பு என்னுடையது என்றார் லிபோரியோ. ஆமாம் என்றாள் அவள். அதற்குமேல் அதை வளர்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் ஒரு கரண்டியைக் கொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பலகையில் பரப்பினார்கள். ஒதெத் எப்படிப்பட்டவள் என்று கேட்டாள். கோபக்காரி, ஆனால் வீட்டில் எப்போதும் ஏதாவது பாடிக்கொண்டிருப்பாள் என்றார். உன் கணவருக்கு இந்த விஷயம் தெரியுமா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எத்தோரேவுக்கா? கல்யாணத்துக்கு முந்தியே சொல்லிட்டேன். வருஷா வருஷம் உன் பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்துவாரு. ‘உசுரோட இருந்தும் இந்தப் பக்கம் வராம இருக்கானே, புண்ணியவான்’னு சொல்லுவாரு.”

லிபோரியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளும் சிரித்தாள். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு அந்தக் காலத்தில் அவள் சிரிப்பாள். இப்போது பாதியில் இருமல் வந்து நின்றது.

“ஊருல சொல்லணும்னா சொல்லிக்கோ,” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “எனக்கு என்ன, வயசாயிருச்சு. காஸ்பரேவுக்குத்தான் கஷ்டமா இருக்கும்.”

பொழுது சாயும் நேரத்தில் மாதாவைப் படகில் ஏற்றினார்கள். பின்னால் ஊர்ப் படகுகள் எல்லாம். வருஷந்தோறும் விரிகுடாவின் வாயில் நிறுத்தி, பளிங்குப் பலகையில் உள்ள பெயர்களைப் பாதிரியார் வாசிப்பார். அவரவர் வீட்டார் பூப்போடுவார்கள். லிபோரியோவுக்கு வீட்டார் இல்லாததால் காஸ்பரேதான் போடுவது வழக்கம். இந்த வருஷம் அண்ணன் வந்திருக்கிறாரே என்று இவரைக் கையைப் பிடித்துப் படகில் ஏற்றி, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எதிர்ப்பலகையில் நின்ஃபா இருந்தாள். உண்மையைச் சொல் என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாரோ என்று வாசித்தபோது லிபோரியோ முதல் பூவைப் போட்டார். அடுத்து இன்னொருவர். பிறகு அவருடைய பெயர்.

காஸ்பரே ஒரு சிவப்புப் பூவைக் கையில் திணித்தார். சொல்வதானால் இப்போது சொல்லலாம். எல்லாரும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவருக்குத் தன் நினைவு வரவில்லை. வெறுங்காலோடு கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சதுக்கத்தில் ஓடிவரும் ஒரு பையன்தான் நினைவுக்கு வந்தான். அவன் தலைமுடி உப்பில் விறைத்து நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் அவனைப் பெயர் சொல்லி ஏதேதோ கிண்டல் செய்தார்கள். ஒவ்வொருத்திக்கும் அவன் பதில் வைத்திருந்தான். பூ தண்ணீரில் விழுந்தது. அழவேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை, ஆனாலும் அழுதார்.

“நல்ல பய,” என்று காஸ்பரே அவர் முழங்காலைத் தட்டினார். “நீங்க பழகியிருக்கணும் அவன்கூட.”

இரண்டு நாள் நீலக் கதவு வீட்டிலேயே தங்கினார். நின்ஃபா அறை வாடகை வாங்க மறுக்க, இவர் பிடிவாதம் பிடிக்க, கடைசியில் மாடிக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கிளம்பும் அன்று காஸ்பரே பேருந்து நிறுத்தம்வரை வந்து, தம்பியின் ஊரை மறந்துவிடக் கூடாது என்று சொல்லி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

லியேஜுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் மகள் வந்தாள். அங்கே யாராவது உங்களை அடையாளம் கண்டுகொண்டார்களா அப்பா என்று கேட்டாள். ஒரே ஒருத்திதான் என்றார். ஊர் ரொம்ப மாறிவிட்டதா என்று கேட்டாள். அதற்கு அவர் சூரை மீன் வாடையிலிருந்து ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் மகளிடம் இதையெல்லாம் பேசியதில்லை. அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த ஆகஸ்டுக்கு இரண்டு பேருக்கு அறை வேண்டும் என்று அந்த வாரமே நின்ஃபாவுக்குத் தொலைபேசியில் சொன்னார்.