பழுப்புக் கண் மீன்கொத்தி

என் தங்கை புருஷனுக்குப் பறவை ஓவியர் என்று பெரிய பெயர். பால்கனியில் ஒரு புறா உட்கார்ந்தால் துடைப்பத்தோடு ஓடுகிற ஆள்.

நான் அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளின் தோலுக்குள் பஞ்சடைத்து, கண்ணாடிக் கண் பொருத்தி, உயிரோடு இருப்பதுபோல் நிறுத்துகிறவன். "மச்சான் பிணத்துக்கு வேஷம் போடுறவரு" என்று விருந்தாளிகளிடம் அறிமுகப்படுத்துவார்.

அவருடைய கண்காட்சிக்குத் தங்கை கூப்பிட்டாள் என்று போனேன். நடுச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு மீன்கொத்தி. அதன் முன்னால் நின்று அவர் குரலைத் தழைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் காலையில இது என் ஜன்னல்ல வந்து உக்காந்துச்சு. என்னையே பாத்துச்சு. அந்தப் பார்வைதான் என்னை வரைய வச்சுது."

ஒரு விமர்சகர் படத்தை நெருங்கினார். "ஒரு கண் கறுப்பு, ஒரு கண் பழுப்பு! பகலும் இரவும் ஒரே முகத்துல. வயித்துல ஒரு துளி வெள்ளை வேற, உள்ள இருக்கிற மேகம் மாதிரி!"

எனக்குக் காது சுட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அருங்காட்சியகத்து மீன்கொத்திக்கு, கறுப்புக் கண் தீர்ந்துபோனதால் ஒரு பக்கம் பழுப்பை வைத்து ஒப்பேற்றியவன் நான். அந்த மேகம், தையல் விட்டுப் பிதுங்கிய என் பஞ்சு.

தங்கையும் எத்தனையோ தடவை அதை அங்கே கண்ணாடி அலமாரியில் பார்த்திருக்கிறாள். "அண்ணே, இது நீ பஞ்சடைச்சதுதானே?" என்றாள், கூடமே கேட்கிற மாதிரி.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் அசரவில்லை. "கலைஞனுக்கு உயிரு, பிணம்னு பேதம் கிடையாது" என்றார். கைதட்டினார்கள்! விமர்சகர்தான் முதலில் தட்டினார். மூன்றாம் நாள் படம் விற்றுப்போனது.

கண்காட்சிக்குப் போன அன்று வீட்டுக்குத் திரும்பும்போது தங்கை கேட்டாள்: "நெசமான மீன்கொத்தி எப்படி இருக்கும்ணே?"

மறுநாள் விடிந்ததும் கால்வாய்க் கரைக்குக் கூட்டிப்போனேன். ஓவியரையும் கூப்பிட்டோம். கொசு கடிக்குமாம்.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு நீலமாக ஏதோ விழுந்தது, தண்ணீர் தெறித்தது, எதிர்க் கம்பத்தில் வாயில் மீனோடு உட்கார்ந்திருந்தது.

"இத்தனூண்டுதானா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் தங்கை. அது பறந்துபோன பிறகும் விடவில்லை.