காது மெஷினுக்குக் கொஞ்சம் வெயில்

அப்பாவிடம் ஒரு விஷயத்தை மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அப்பா தனியாகக் கிடைக்க வேண்டும், அவர் காதில் மாட்டியிருக்கும் மெஷினில் சார்ஜ் இருக்க வேண்டும். மூன்று நாள் முகாமில் அப்பா வேண்டிய மட்டும் தனியாகக் கிடைத்தார்.

விஷயம் பெரியதுதான். கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் வானிலை நிலையம் இருக்கிறது. ஆறு பேர்தான் வேலை செய்கிறார்கள். காற்றையும் மழையையும் அளந்து எழுதும் பதிவாளர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு வருடம். வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். இப்போது நான் பார்க்கும் வேலை, அப்பாவின் எலக்ட்ரிக் சாமான் கடையில் போன் எடுப்பது. எத்தனை மீட்டர் வயர், எந்த சைஸ் ஸ்விட்ச் என்று ஆட்கள் கேட்பது அவருக்குப் போனில் விளங்காது. மூன்று வருடமாகக் கடைக்கு நான்தான் காது. கடையிலேயே சொல்லலாம் என்றால் கல்லாவைச் சுற்றி எப்போதும் கூட்டம். வீட்டில் சொல்லலாம் என்றால் அம்மா. எதையும் அப்பாவிடம் முதலில் சொன்னால் அது செய்தி. அம்மாவிடம் முதலில் சொன்னால் அன்றே தீர்ப்பு வந்துவிடும்.

அம்மா முகாமுக்கு வரவில்லை. "தரையிலதான் படுக்கப் போறீங்கன்னா, நம்ம வீட்டுத் தரைக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நானும் டென்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஏற்பாடு முழுக்க அக்காவின் கணவருடையது. காட்டோரம், ஏரிக்கரை, கரண்ட் கிடையாது, பக்கத்து மேட்டில் ஏறினால் தவிர சிக்னல் கிடையாது. அத்தானுக்கு அதெல்லாம் குறையே இல்லை. நாலாக மடித்தால் சூட்கேஸ், விரித்தால் சோலார் பேனல் என்று ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை போய் இறங்கியதும் முதல் வேலையாக அதைப் புல்லில் விரித்தார்.

"சூரியன் இருக்கிற வரைக்கும் நமக்குக் கவலையே இல்ல மாமா."

அப்பா குனிந்து பார்த்தார். "பாயைக் காயப்போட்ட மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

"சும்மா இல்ல மாமா, அறுபது வாட்."

"நம்ம கடையில அறுபது வாட் பல்பு இதைவிட மலிவு."

அன்று படுக்கப் போகும்முன், அப்பாவின் மெஷின்கள் இரண்டையும் அவற்றின் சார்ஜ் பெட்டியில் வைத்து, பெட்டியின் வயரை அத்தானின் பவர் பேங்கில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன.

பவர் பேங்க்கோடு வந்த குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் பக்கத்தின் அடியில், எறும்பு எழுதியது போன்ற எழுத்தில் காரணம் இருந்தது. காது மெஷினுக்கு வேண்டியது துளி கரண்ட். அவ்வளவு குறைவாக இழுத்தால், எதுவுமே செருகப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு பவர் பேங்க் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமாம். பச்சை விளக்கு எரிந்தது எனக்காக மட்டும், அதுவும் அரை நிமிடம்.

"பவர் பேங்க்கைக் குத்தம் சொல்லாதே. உங்கப்பா மெஷின் ரொம்ப அடக்கமான மெஷின்" என்றார் அத்தான்.

"என்ன சொல்றார்?" என்று அப்பா கத்தினார். மெஷின் இல்லாவிட்டால் அப்பாவுக்கு எல்லாமே கத்தல்தான்.

சனிக்கிழமை பெட்டியை நேராகப் பேனலிலேயே செருகினேன். இடையில் தரகரே வேண்டாம். வானத்தில் மேகம் சின்னச் சின்னதாக, ஆட்டு மந்தை போல வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றும் சூரியனைத் தாண்டும்போது கரண்ட் நின்றது. கரண்ட் நின்றால், தங்களை யாரோ பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மெஷின்கள் இரண்டும் விழித்துக்கொள்ளும். ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்டு, பெட்டிக்குள் கீ என்று விசில் அடிக்கும். மேகம் போனதும் தூங்கும். அடுத்த மேகத்துக்கு மறுபடி கீ. ஏறியதையெல்லாம் கத்தியே தீர்த்தன.

பக்கத்து டென்ட்காரம்மா வந்தார். "என்ன பறவைம்மா அது? காலையிலேர்ந்து கேக்குது."

"எங்கப்பா காது" என்றேன். அவர் தன் டென்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு வானம் துடைத்துவிட்டது போல ஆனது. ஒரு பொட்டு மேகம் இல்லை. விசிலும் நின்றது. பேனலைச் சூரியனுக்கு நேராக, அங்குலம் அங்குலமாகத் திருப்பி வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்க இருபது நிமிடம் போனேன். திரும்பி வந்தபோது பெட்டி புல்லில் கிடந்தது. வயரின் முனையில் அத்தானின் ட்ரோன் பேட்டரி.

"அத்தான்!"

"பத்தே நிமிஷம். ஏரியை மேலேர்ந்து ஒரு ஷாட் எடுத்துட்டா போதும்."

"ஏரியைக் கீழேர்ந்து பார்த்தா ஆகாதா?"

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பேனலின் நாலாவது மடிப்பின் மேல் ஈரத் துண்டு ஒன்று விரித்திருந்தது.

"அக்கா, இது என்ன?"

"கையை வெச்சுப் பாரு, கொதிக்குது. சீக்கிரம் காஞ்சிடும்."

"ஒரு மூலையை மூடினா மொத்தமும் படுத்துக்கும்!"

"ஒரு மூலைதானேடி. மீதி மூணு சும்மாதானே இருக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டு துண்டை எடுத்து மரக்கிளையில் போட்டேன். அக்காவிடம் காரணத்தைச் சொல்லவும் முடியாது. அவளுக்குத் தெரிந்தால், அம்மாவுக்குத் தெரிய ஒரு போன் போதும்.

மாலையில் பொறுமை போய், ஒரு தாளில் எழுதி நீட்டினேன். மூன்று நாளில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம் அது. அப்பா எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார். தன் சத்தம் தனக்கே கேட்காததால் கூட்டத்தில் பேசுவது போலப் படிப்பார்.

"அப்பா! உங்ககிட்ட! ஒரு முக்கியமான விஷயம்!"

பாய்ந்து பிடுங்கினேன். நாலு டென்டிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"என்ன விஷயம்?" என்று அப்பா காடே அதிரக் கேட்டார்.

"டீ! டீ போடட்டுமான்னு கேட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

பிறகுதான் யோசனை வந்தது. பவர் பேங்க் தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் பெட்டியோடு என் போனையும் துணைக்குச் செருகினால் போதும். செருகினேன். பவர் பேங்க்கிலும் ட்ரோனுக்குப் போக மிச்சமிருந்தது கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பார்த்தால், துணைக்குப் போனவன் பந்தியை முடித்திருந்தான். போனில் ஏறியிருந்தது எழுபது சதவீதம். அது எனக்கு எதற்கு? காது மெஷினில் ஒரே ஒரு கோடு.

ஒரு கோடு என்றாலும் கோடுதான். அப்பாவை எழுப்பி, இரண்டு காதிலும் மாட்டி, தண்ணீர்க்கரைக்கு அழைத்துப் போனேன். மதியம் கிளம்பிவிடுவோம். இனி மேகத்தையும் அத்தானையும் நம்பிக் காத்திருக்க நேரமில்லை.

"நல்லாக் கேக்குதாப்பா?"

"கேக்குது. தண்ணி சத்தம்கூட கேக்குது. சொல்லு சின்னவளே."

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. ஏரி அழகாக இருக்கிறது என்றேன். கடையில் புதிதாக வந்த ஃபேன்கள் நன்றாக விற்கின்றன என்றேன். வானிலை என்பது எவ்வளவு சுவாரசியமான விஷயம் என்று ஆரம்பித்து, காற்றின் வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்பது வரைக்கும் போனேன். நான் பேசப் பேச எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

"விஷயத்துக்கு வா. உள்ள டிங் டிங்னு அடிக்குது. இது போகப்போகுது."

"அப்பா, எனக்கு ஒரு வேலை—"

அப்பா காதைத் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "போச்சு."

மூன்று நாள். அறுபது வாட்.

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். "வேலை கிடைச்சிருக்கு!"

"எங்க?"

"தீவு! வானிலை நிலையம்!"

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம்!"

எனக்குப் பின்னால் முகாமே அடங்கிப் போனது. அத்தானின் ஸ்பீக்கர் பாதிப் பாட்டில் நின்றது. அப்பா கேட்டார், அவரைப் பொறுத்தவரை மெதுவாக.

"கடை போன்?"

"தெரியலப்பா" என்று முணுமுணுத்தேன். என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். இரண்டு மெஷின்களையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்.

"இதை அழகுக்கா வாங்கினேன்? இதை மாட்டிக்கிட்டு நானே போன் எடுக்கப் பழகிக்கிறேன். நீ என்ன, கடைசி வரைக்கும் எனக்கு போன் எடுத்துக்கிட்டே இருப்பியா? எனக்குத் தெரியாதா அது?"

என் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் தரவில்லை.

"அங்க கரண்ட் இருக்கா?"

"சோலார்!"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "உங்க அத்தான் மாதிரி ஆள் யாரும் அங்க இல்லையே?"

"மாமா, எனக்குக் கேக்குது" என்றார் அத்தான் பின்னாலிருந்து. அப்பாவுக்குக் கேட்கவில்லை.

"சரி, போயிட்டு வா. அம்மாகிட்ட மட்டும் நீயே சொல்லு. அவளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

திரும்பிப் பார்த்தேன். அக்கா வாயில் பிரஷ்ஷோடு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எப்போதாவது ஒரு கோடு சிக்னல் வரும் மேட்டை நோக்கி ஏற ஆரம்பித்திருந்தாள். அவள் போனில் மட்டும் எப்போதும் முழு சார்ஜ் எப்படி இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"அக்கா! நில்லுடி!" என்று கத்திக்கொண்டே, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.