கோபித்துக்கொண்டு போன சுவர்

தையற்காரியின் முன்னறைச் சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீட்டை விட்டுப் போனது. கோபத்தில் கதவை அறைந்து சாத்தவில்லை. கதவு வேறு சுவரில் இருந்தது. பால் வண்டிக்கு வழிவிட்டு, தெருமுனையில் அது இடப்புறம் திரும்பியதைப் பலரும் பார்த்தார்கள்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அவளுக்கு வால்பேப்பர்தான் வேண்டும். ஒட்டு தெரியாமல் பூவோடு பூ பொருந்த வேண்டும். பஸ் ஓட்டுகிற கணவனுக்கோ ஸ்பாஞ்சால் ஒற்றி, சீப்பால் கோடிழுத்த டெக்ஸ்சர் பெயின்ட். அவள் ஒட்டுவாள், அவன் வேலை முடிந்து வந்து நனைத்துச் சுரண்டுவான். அவன் பூசுவான், அவள் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பாள். வீடு வாங்கிய நாளிலிருந்து இதே கூத்துதான். கடைசியில் அவள், "பேப்பர் இல்லன்னா நான் அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் உங்க சுவருமா இருங்க" என்று பெட்டியை இறக்கினாள். சுவர் முந்திக்கொண்டது.

"சுவர் இருந்தாத்தானே சித்திரம்?" என்று எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் பல்லைக் காட்டினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவே பார்த்திருக்கத் தைக்கவும் முடியவில்லை, சண்டை போடவும் முடியவில்லை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. அவனை விட்டுப் போகப் பயம், அவனோடு இருக்க வெட்கம். பெட்டியில் துணியை அடுக்குவதும் திரும்ப எடுப்பதுமாக நாள் போனது. கணவன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை நீட்டி, "இந்தப் பக்கம் ஒரு சுவர் வந்துச்சாங்க?" என்று விசாரித்தான். பெயின்ட் கடை வாசலில் சில நாள் நின்றதாம், பிறகு வால்பேப்பர் கடை வாசலில். அதற்கும் மனம் ஒரு நிலையில் இல்லை.

மழைக்காலத்தில் திரும்பி வந்தது. வந்த அவசரத்தில் முகம் மாறி நின்றுவிட்டது: பாசி பிடித்த வெளிப்பக்கம் அறைக்குள், கிழிந்த பூக்களும் சீப்புக் கோடுகளும் தெருவுக்கு. கொத்தனார் தட்டிப் பார்த்து, "நல்லா உக்காந்திருக்கு, கிளப்பாதீங்க" என்றார். வெளியில் நின்ற பழக்கம் விடுமா? ஊரெல்லாம் வெயில் அடித்தபோதும் அறைக்குள் அதன்மேல் மழை பெய்தது.

"அந்தப் பக்கம் பிடிங்க, தையல் மெஷினுக்கு ஓடுது!" என்று அவள் கத்துவாள். அவன் துணியோடு ஓடுவான். ஒரு ஆள் துடைத்து மாளுகிற சுவரில்லை அது. எப்போது வருகிறாய் என்று அக்கா போனில் கேட்டபோது, "மழை நிக்கட்டும்க்கா" என்றாள்.

அந்த அறையில் மழை இன்றுவரை நிற்கவில்லை.