அறுபது முயல்களுக்கு வயதேறிய நாற்பது நிமிடங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் தொணதொணப்பில் உதித்தது. வனவிலங்கு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்காவை அலுவலக நேரத்தில் போனில் பிடித்து, "கதைக்கு ஏதாவது கொடு" என்று நாற்பது நிமிடம் பிடுங்கினேன். கொடுத்தாள். அதற்குள் அறுபது முயல்களுக்கு வயது ஏறிவிட்டது.

2

முதல் தொடக்கம்: "விழி என்பது காலத்தின் பேழை, அதனுள்ளே..." (போதும். அக்கா படித்தால் உதைப்பாள்.)

ஒழுங்கான தொடக்கம்: முயலின் கண்வில்லை சாகும்வரை வளர்கிறது. செத்த பிறகு அதை எடுத்து, ஓவனில் முற்றிலும் உலர்த்தி எடைபோட்டால் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும். (என் கண்வில்லையும் கனத்துக்கொண்டுதான் போகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் சரக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.) ஒரே நிபந்தனை: ஓவனிலிருந்து எடுத்த கையோடு எடைபோட வேண்டும். தாமதித்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து எடை கூடிவிடும்.

அன்று, போன வேட்டைப் பருவத்தில் அனுமதியோடு சுடப்பட்ட அறுபது முயல்களின் வில்லைகள் தட்டோடு வெளியே இருந்தன. அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

3

குட்டிக்கும் பெரியதுக்கும் நடுவே எல்லைக்கோட்டில் இருந்த குட்டிகளெல்லாம் வில்லையின் எடை கூடி, கணக்கில் பெரிய முயல்களாகிவிட்டன. குட்டி குறைவென்றால் இனம் பெருகவில்லை என்று பொருள். ஆகவே இந்த வருடம் வேட்டைக்குத் தடை. அறிக்கை தயார், அக்காவின் கையெழுத்துதான் பாக்கி. அப்போதுதான் ஓவனிலிருந்து எடுத்ததற்கும் எடைபோட்டதற்கும் நடுவே இருந்த நாற்பது நிமிடம் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

"எல்லாம் உன்னாலதான்டா," என்று போனில் பாய்ந்தாள்.

"நல்லதுதானேக்கா? அதுங்க பிழைச்சுப் போகட்டும். பேசாம கையெழுத்தப் போடு."

"நாளைக்கு நிஜமாவே குட்டி குறைஞ்சு, தடை போடுங்கன்னு நான் கத்துனா எவன்டா நம்புவான்?"

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே, லூசு! தட்டை மறுபடி ஓவன்ல வச்சுட்டேன். மேலதிகாரிகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'இருபது வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதாம்மா'ன்னாரு. 'தெரியும் சார், தம்பி கூப்பிட்டான்'னா சொல்ல முடியும்?"

[இங்கே நான் மன்னிப்புக் கேட்பதாக ஒரு வரி இருந்தது. நிஜத்தில் கேட்கவில்லை என்பதால் அடித்துவிட்டேன். இப்போது கேட்கிறேன்: மன்னிச்சுக்கோக்கா.]

4

முடிவு (அ): மறு எடையிலும் குட்டிகள் குறைவு. தடை நிற்கிறது, அக்கா நிமிர்ந்து நடக்கிறாள். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு (ஆ): குட்டிகள் ஏராளம். வேட்டைக்கு அனுமதி. புல்வெளிப் பக்கம் முதல் வெடிச்சத்தம் கேட்டதும் அக்கா ஜன்னலை... இல்லை, இதை முடிக்க மனசு வரவில்லை.

மறு எடை எனக்குத் தெரியும். சொன்னாள். பிறகு, "கதையில வேணா மாத்திக்கோடா. உனக்குத்தான் தராசே கிடையாதே," என்றாள்.

ஒரே ஒரு எண்ணைத் திருத்தினால் ஒரு புல்வெளியே பிழைத்துப்போகும். மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

ஆகவே கட்டத்தைக் காலியாக விடுகிறேன். அறுபதில் குட்டிகள்: ______

இரக்கம் இருந்தால் சின்ன எண்ணாகப் பார்த்து எழுதுங்கள். யாரும் கேட்கப்போவதில்லை. கீழே கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.